யந்திரத்தைத் தொடாத பரீட்சை

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் தொலைவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் சிதறால் குன்றின்மேல், தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் பாறையை ஒட்டி வட்டெழுத்தில் காணப்படும் சாசனங்களுள் ஒன்று, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்கிருந்த பகவதிக்குப் பொன்னணிகள் வழங்கிய குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமண அம்மையாரைப் பற்றிக் கூறுகிறது. அந்த அம்மையாரை நமக்கு அறிமுகப்படுத்தும்போது சாசனம் எழுதியவர் அரிட்டநேமி படாரரின் மாணாக்கி என்று குறித்தது கவனிக்கத் தக்கது. ஒருவர் யாருடைய காலடியில் அமர்ந்து பயின்றார் என்று சொல்லிவிட்டாலே அவருடைய கல்விக்கு அதுவே போதிய பிரமாணமாக அக்காலத்தில் கொள்ளப்பட்டது போலும்.

ஆனால் குருவின் பெயர் ஒன்றையே நம்பி எல்லாக் காரியங்களும் நடந்துவிடவில்லை. அதே வட்டாரத்தில், முஞ்சிறைக்கு அருகே உள்ள பார்த்திவபுரத்தில், கி.பி. 866-ஐ ஒட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன் விஷ்ணு ஆலயம் ஒன்றை எழுப்பி, புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணாக்கர்களுக்கு ஒரு கல்விச் சாலையையும் நிறுவியபோது, அந்த 95 இடங்களை மூன்று வேத சாகைகளைச் சேர்ந்தவர்களுக்கு 45, 36, 14 என்று பங்கிட்டதோடு நில்லாமல், சேர வருகிறவர்களுக்கு வியாகரண ஞானமும் மூன்று ராஜ்யங்களின் வியவகாரத்துக்கு வேண்டிய அறிவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் செப்பேட்டில் பொறித்து வைத்தான். இடங்கள் குறைவாகவும் வருகிறவர்கள் முகம் அறியாதவர்களாகவும் இருக்கும்போது யோக்கியதையை அளக்க ஒரு கோல் தேவைப்படுவது இயல்பு. ஏட்டுக் கல்வியாகிய வியாகரணத்தோடு உலகியல் அறிவாகிய வியவகாரத்தையும் அந்தக் கோலில் சேர்த்து வைத்த மன்னனின் விவேகத்தை, அதற்குப் பின்வந்த பரீட்சைக்காரர்கள் பலரிடம் காண முடிவதில்லை.

இன்று அதே வட்டாரத்தின் விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் காலை ரயிலில் குழித்துறையில் ஏறி, 1990-இல் கேரள அரசு தொடங்கிய, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் அமைந்துள்ள கழக்கூட்டத்தை நோக்கிப் போகிறார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் இது. இங்கே ஒரு குடும்பத்தின் ஆஸ்தியில் நிலத்துக்கும் நகைக்கும் அடுத்தபடியாகப் பாதுகாக்கப்படுவது, பிளாஸ்டிக் உறையிட்டுக் கோப்பில் அடுக்கப்பட்ட சர்டிபிகேட்டுகள்தாம். ஆகவே பொறியியலோ கணினி அறிவியலோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையும், அவனுக்காகக் கல்விக் கடன் வாங்கிய தகப்பனாரும், இந்த வட்டாரத்தில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஏதாவது சர்டிபிகேஷன் முடிக்கலாமா, இல்லை, சம்பளம் குறைவானாலும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு எக்ஸ்பீரியன்ஸ் எடுக்கலாமா?

என் அபிப்பிராயத்தில் இந்தக் கேள்வி சற்றே கோணலாகக் கேட்கப்படுகிறது. சான்றிதழ்களுக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று யந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்டிப் பெறுவது. மற்றொன்று யந்திரத்தைத் தொடாமலே, அதைப் பற்றிய வினாக்களுக்கு நான்கு விடைகளில் ஒன்றைச் சுட்டிப் பெறுவது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, அனுபவத்தோடு ஒப்பிட்டு வாதம் செய்வதால்தான் வாதம் எந்நாளும் முடிவதில்லை.

முதல் ஜாதிச் சான்றிதழுக்கு நம் நாட்டில் நல்ல பூர்வீகம் இருக்கிறது. தட்டச்சுப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். தமிழகத்தின் சிறு பட்டணங்களிலெல்லாம் மாடியறை ஒன்றில் வரிசையாக யந்திரங்களை வைத்து, மணிக்கணக்குப் போட்டு மாணவர்களை மாற்றி மாற்றி உட்கார்த்திய அந்தப் பள்ளிகளிலிருந்து ‘லோயர்’, ‘ஹையர்’ என்று நாம் சொல்லிப் பழகிய அரசுத் தொழில்நுட்பப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு, ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொற்கள், ஹையருக்கு 45 சொற்கள் என்று வேகம் வரையறுக்கப்பட்டிருந்தது. பரீட்சை நாளன்று அந்த யந்திரங்களையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சைக் கூடத்தில் மேஜை மேஜையாக வைப்பார்கள். மணி அடித்ததும் கூடம் முழுவதும் ஆலங்கட்டி மழைபோல் ஓசை எழும். பத்து நிமிஷத்தில் அது சட்டென்று நின்றுவிடும். தட்டச்சு யந்திரத்தின் சரித்திரம் என்ன, ரிப்பனின் குணங்கள் யாவை என்றெல்லாம் அங்கே யாரும் வினவவில்லை. கொடுத்த பகுதியைக் கொடுத்த நேரத்தில் பிழையின்றி அடித்தாயா என்பது ஒன்றே வினா. அதனால் ஹையர் தேறியவர் தட்டச்சுத் தெரியாதவராக இருக்க வழியே இல்லை. சான்றிதழ் வேண்டுமா, அனுபவம் வேண்டுமா என்ற தர்க்கம் அந்தத் தொழிலில் எழாததற்குக் காரணம், பரீட்சைக்கும் வேலைக்கும் இடையில் வேற்றுமையே இல்லாமற் போனதுதான்.

கணினித் துறைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. இன்று மேகக் கணிமையில் மிகப் பிரசித்தமான பரீட்சைகளுள் ஒன்றாகிய அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பரீட்சையை எடுத்துக்கொள்வோம்: 130 நிமிஷங்களில் 65 வினாக்கள்; ஆயிரத்துக்கு 720 என்ற அளவில் தேர்ச்சி; மூன்று வருஷங்களுக்குப் பிறகு சான்றிதழ் காலாவதி. வினாக்கள் அற்பமானவை என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாகப் படித்து எழுதினால் ஒருவருக்கு அந்தச் சேவைகளின் முழு வரைபடமும் மனத்தில் பதிந்துவிடும், அது சாமானிய லாபம் அன்று. ஆனால் உலகெங்கும் எண்ணற்றவர்கள் எழுதும் ஒரு பரீட்சையின் வினாத்தொகுதி எவ்வளவு பெரிதானாலும், எழுதியவர்கள் நினைவில் கொண்டுவந்து கொட்டியதைத் திரட்டினால் நாளடைவில் அதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ‘டம்ப்ஸ்’ என்று பையன்கள் வழங்கும் சரக்கு அதுதான். அதை வாங்கி நெட்டுருப் போட்டுத் தேறியவனுக்கு, ஒரு சர்வரை உயிரோடு பார்த்த பரிச்சயம்கூட இல்லாமல் போகலாம்.

இது இன்றைய நோயும் அன்று. 1990-களின் பிற்பகுதியில் மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ. பட்டம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் விருதாக உலகெங்கும் பரவி, நம் ஊர்களிலும் அதன் பெயரால் பயிற்சி நிலையங்கள் முளைத்தபோது, கையில் பட்டமும் கைக்கு வேலையறியாத நிலையும் கொண்டவர்களைக் காகித எம்.சி.எஸ்.இ. என்று அமெரிக்காவிலேயே கேலி செய்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பட்டத்தையே அந்நிறுவனம் மாற்றி மாற்றி அமைத்து, கடைசியில் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அதற்கு நேர்மாறாக, சிஸ்கோ நிறுவனம் 1993-இல் தொடங்கிய சி.சி.ஐ.இ. என்னும் பரீட்சை, எட்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து வலையமைப்பைக் கட்டச் சொல்லியும், பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்யச் சொல்லியும் சோதிப்பது. மும்முறை தோற்று நான்காம் முறை தேறினேன் என்று சொல்லிக்கொள்வதை அந்தத் துறையில் யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் பரீட்சைகளும், குபர்நெட்டீஸ் நிர்வாகத்துக்கான சி.கே.ஏ. பரீட்சையும் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. அங்கே டம்ப்ஸ் அவ்வளவாகப் பலிப்பதில்லை. வினா முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் விடையைச் செய்து காட்டித்தானே ஆக வேண்டும்! இன்னொரு வகையும் உண்டு: பாதுகாப்புத் துறைக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றுக்குப் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது, பொதுவாக ஐந்து வருஷ வேலை அனுபவமும் காட்ட வேண்டும். சான்றிதழ் வழங்குகிறவர்களே தங்கள் காகிதத்தின் எல்லையை இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், சான்றிதழை ஒரேயடியாக இகழ்கிறவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். ‘காகிதத்தில் என்ன இருக்கிறது, திறமை இருந்தால் போதாதா’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல காலேஜில் படித்தவர்கள், அல்லது துறையில் பெரியப்பாவோ சித்தியோ இருக்கப் பெற்றவர்கள். திறமையைக் காட்டுவதற்கு முதலில் ஓர் அறைக்குள் அனுமதி கிடைக்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்து ஆயிரம் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் அதிகாரிக்கு இந்த வட்டாரத்து அருமனைக்கும் ஆலஞ்சோலைக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கிருந்து வரும் பிள்ளை படித்த காலேஜின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில், அமெரிக்காவில் இருப்பவனும் எழுதும் அதே பரீட்சையில், அதே மதிப்பெண் வரம்பில் தேறியவன் என்று ஒரு வரி இருக்குமானால், ஊரும் குலமும் காலேஜும் அறியாத இடத்தில் அது ஒரு பொதுநாணயம் போலச் செல்லுபடியாகிறது. குணந்தாங்கிக் குரத்திகளுக்கு அரிட்டநேமி படாரர் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படி ஊரறிந்த குரு வாய்ப்பதில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மெய். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு நாலைந்து வருஷம் வேலையை விட்டிருந்து திரும்ப வர விரும்பும் பெண்ணுக்கு, பழைய அனுபவம் பழசாகிவிட்டது என்று தட்டிக் கழிக்கிறவர்களின் வாயை அடைக்க, புதிதாகப் பெற்ற ஒரு சான்றிதழ் ஓரளவுக்கேனும் உதவுகிறது.

ஆயினும் சான்றிதழ் கொண்டுபோய் விடுவது அறையின் வாசல் வரைக்கும்தான். உள்ளே நடப்பது வேறு. அனுபவம் என்பது என்ன மாதிரியான சரக்கு என்பதை விளக்க, கிட்லேப் என்னும் நிறுவனம் தானே ஒளிவுமறைவின்றி உலகுக்கு வெளியிட்ட ஒரு விபத்தைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, அந்நிறுவனத்தின் இரண்டாம் தரவுத்தள சர்வர் முதல் சர்வரோடு ஒத்துப்போகாமல் பின்தங்கிவிட்டதைச் சரிப்படுத்தப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், களைப்பின் மிகுதியில், இரண்டாவதில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை முதலாவதில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு புலப்பட்டுக் கட்டளையை நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியிருந்தது நாலரை ஜிகாபைட். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், நாள்தோறும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த நகல் வைக்கப்பட வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளம் 9.6 என்ற பதிப்பில் ஓட, நகலெடுக்கும் நிரல் 9.2 பதிப்பினதாக இருந்தமையால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுப்போய்க்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களையோ, கையொப்பம் சரியில்லை என்று அஞ்சல் சர்வர் வாங்க மறுத்துக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியே கடைசியில் கைகொடுத்தது.

இதிலுள்ள ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே எடுத்தால் பரீட்சைக்குப் படித்த பையனுக்கு எல்லாமே தெரியும். பேக்கப் எடுக்க வேண்டும் என்பது தெரியும். பதிப்புகள் ஒத்திருக்க வேண்டும் என்பதும், எச்சரிக்கை அஞ்சல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அவனுக்குத் தெரியாதது, இவையெல்லாம் ஒரே இரவில் ஒன்றையொன்று கைவிடும் என்பது. எடுத்த நகலை மாதம் ஒருமுறையாவது வேறொரு யந்திரத்தில் மீட்டுப் பார்க்காதவன் நகல் எடுத்தவனாகான் என்ற ஞானம், ஒருமுறை வயிறு கலங்கியவனுக்கே வரும். அப்படியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த இரவில் விசைப்பலகையின் முன் இருந்தவர் அனுபவசாலி; தேர்ந்தவர்களாலேயே அந்த ஏற்பாடுகளும் கட்டப்பட்டிருந்தன. அனுபவம் மனிதனைத் தவறு செய்யாதவனாக்கிவிடுவதில்லை. தவறு நிகழ்ந்த பிறகு பதறாமல் எந்த வரிசையில் எதைத் தொடுவது என்ற நிதானத்தையும், நிகழ்ந்ததை மறைக்காமல் எழுதி வைக்கும் துணிவையும் அது தரக்கூடும். கிட்லேப் அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே ஒளிபரப்பியது. அதை உட்கார்ந்து பார்த்த ஒரு மாணவன் நூறு வினாத்தாள்களில் கிடைக்காத பாடத்தைப் பெற்றிருப்பான்.

அப்படியானால் அனுபவத்தைக் கேட்கும் கம்பெனிகள் செய்வது நியாயம்தானே என்று கேட்கலாம். கேட்பது நியாயம், அதை உண்டாக்கும் செலவைத் தாங்க மறுப்பதுதான் அநியாயம். ஃப்ரெஷருக்கான வேலை என்று தலைப்பிட்டு, கீழே இரண்டு வருஷ அனுபவம் அவசியம் என்று விளம்பரம் செய்கிறவர்கள், நீந்தத் தெரிந்தவனைத்தான் குளத்தில் இறக்குவோம் என்கிறார்கள். இந்த நிர்ப்பந்தத்தின் விளைவு என்னவாயிற்று? டம்ப்ஸ் விற்ற அதே சந்தையில் இப்போது அனுபவமும் விலைக்குக் கிடைக்கிறது. லெட்டர்ஹெட் மட்டுமே உள்ள கம்பெனியின் பெயரில் அனுபவச் சான்றிதழ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விசாரித்தால் பதில் சொல்ல ஒரு தொலைபேசி எண் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. இன்டர்வியூவில் திரைக்குப் பின்னாலிருந்து விடை சொல்ல ஆள் வேண்டுமானால் அதற்குத் தனித் தொகை. அனுபவத்தைச் சான்றிதழுக்கு மேலானது என்று பேசுகிறவர்கள், அனுபவமும் நம்மிடம் ஒரு காகிதமாகவே வந்து சேருகிறது, அதையும் போலியாக அச்சிடலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் புராஜெக்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் ‘பெஞ்சில்’ உட்கார்ந்திருந்தவனின் காலமும் அனுபவக் கணக்கில் பூரணமாக வரவு வைக்கப்படுகிறது என்பது வேறு கதை.

செலவைத் தாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பழைய பெயரில் இருந்த காலத்தில், 2005-ஐ ஒட்டிச் சென்னையில் ஆறே மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூ அல்லது டிப்ளமா முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருஷம் பயிற்றி, அவர்களைத் தன்னுடைய வேலைகளிலேயே அமர்த்திக்கொள்ளும் அந்த ஏற்பாடு பிறகு தென்காசிக்கும் விரிந்தது. அங்கே பட்டமும் இல்லை, பல்கலைக்கழகச் சான்றும் இல்லை. உடன் வேலை செய்கிறவர்களின் கண்ணே பரீட்சை. எச்.சி.எல். நிறுவனமும் 2017-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டெக்பீ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பயிற்சிக் கட்டணம் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால், இளைஞனை எடுத்து நாமே பழக்குவோம் என்ற எண்ணத்தையாவது இரண்டும் ஒப்புக்கொள்கின்றன. அப்ரண்டிஸ் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தறிக்கும் லேத்துக்கும் பழகின அந்தச் சட்டத்தைக் கணினித் துறையின் சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் இன்னும் மனமுவந்து கைக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விஷயம் இன்னும் நெருக்கடியாகிறது. நான்கில் ஒன்றைச் சுட்டும் வினாக்களுக்கு யந்திரமே விடையளிக்கிறது. அதே சமயம் புதிதாகச் சேருகிறவனுக்குக் கொடுக்கப்பட்டுவந்த சில்லறை வேலைகளையும் அதுவே எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. ஒருபுறம் யந்திரத்தைத் தொடாத ஜாதிப் பரீட்சையின் மதிப்புத் தேய, மறுபுறம் அனுபவம் பெறும் முதற்படி அகற்றப்பட்டால், அருமனைப் பிள்ளை எங்கே கால் வைப்பான்?

அரசு செய்யக்கூடியது இங்கே சில உண்டு. 2022 மார்ச் முதல் தேதி தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகக் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளுக்குள்ளேயே தொழில்துறைப் படிப்புகள் நுழைந்துவிட்டன. இது வரவேற்கத் தக்க காரியம். அந்தப் படிப்புகளின் முடிவில் வீடியோ பார்த்து வினாத்தாளை நிரப்பினால் போதும் என்று விட்டுவிடாமல், தட்டச்சுக் கூடத்தில் செய்ததைப் போல, பழுதாக்கி வைத்த ஒரு சர்வரைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் எழுப்பிக் காட்டு என்று கேட்கும் பரீட்சை ஒன்றை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக நடத்துவது அசாத்தியமன்று. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு லட்சக்கணக்கானவர்களைச் செய்முறையில் சோதித்த பரம்பரை இருக்கிறது. படிப்பதற்குக் கருவிகள் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, அதற்குள்ளேயே இரண்டு மூன்று மெய்நிகர் யந்திரங்களை ஓடவிட்டுக் கெடுத்தும் திருத்தியும் பார்க்கக் காசு வேண்டாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரும் இலவசமே. இவற்றைத் தமிழிலேயே சொல்லித்தர, 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதைச் சுற்றி எழுந்த நூல்களும் இருக்கின்றன.

மீதி இருப்பது கட்டணம். சிஸ்கோவின் முதற்படியாகிய சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு 300 டாலர். நம் பணத்தில் அது ஒரு ரப்பர் தோட்டக் கூலிக்காரரின் ஒரு மாத வருமானத்தையும் மிஞ்சக்கூடும். தோற்றால் அத்தனையும் போயிற்று. மறுமுறை முழுக் கட்டணம். இத்தகைய கட்டணங்களை ஏழை மாணவர்களுக்காக அரசு ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை எழுமானால் அதை நான் ஆதரிப்பேன். ஆனால் செய்முறைப் பரீட்சைகளுக்கு முழுக் கட்டணமும், யந்திரத்தைத் தொடாத பரீட்சைகளுக்குப் பாதியும் என்று பிரித்துக் கொடுக்கட்டும். பயிற்சி நிலையங்கள் இதற்கு ஆட்சேபம் சொல்லும், ஏனெனில் ஆய்வுக்கூடம் அமைக்க இடமும் யந்திரமும் தெரிந்த ஆளும் வேண்டும், வினாத்தாள் நகலெடுக்க அதெல்லாம் வேண்டியதில்லை. அந்த ஆட்சேபத்தைக் கேட்டுக்கொண்டு, பாதிக் கட்டணத்தோடு நின்றுவிடலாம்.